கைகொடுத்த தோழர்

சங்கம் என்றால் சும்மா சங்கம் இல்லை. கடலோர உப்புத் தொழிலாளர் ஐக்கியப் பேரொன்றியம் என்பது அதன் முழுப்பெயர். எத்தாளைச் சந்தியில் இருந்த அலுவலகத்தின் முகப்பு அந்தப் பெயருக்குப் போதவில்லை. அதனால் பலகையின் கடைசிப் பகுதி பக்கத்துச் சைக்கிள் கடையின் சுவரில் போய் முடிந்தது. சைக்கிள் கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு தானும் ஏதோ ஒன்றியத்தின் பாதி என்று வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இந்தச் சங்கம் வென்றெடுத்தவற்றில் பெரியது ஓர் அறை. உப்பளத்துப் பெண்கள் உடுப்பு மாற்றுகிற அறை. அதற்கு முன்பு அவர்கள் நாள் முழுக்கப் பாத்தித் தண்ணீரில் நின்று உப்பு வாரி, அதே உடுப்போடு பஸ் ஏறினார்கள். உப்புத் தண்ணீர் காய்ந்த துணி தோலை அறுக்கும். கொண்டக்டர் சீட் நனையும் என்று இருக்கவும் விடமாட்டான். பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நோன்பு மாதத்தில் கொம்பனி வாசலுக்கு முன்னால் ரோட்டில் குந்திவிட்டார்கள். கொம்பனி அறையைக் கட்டிக் கொடுத்தது. சங்கம் அதில் ஒரு கல்லைப் பதித்தது. தலைவர் லத்தீப், செயலாளர் சரீப், மகளிர் நலன் அமைப்பாளர் நளீர் என்று மூன்று பெயர்களைப் பொறித்தார்கள். ரோட்டில் குந்திய பெண்களின் பெயரைப் போடக் கல்லில் இடம் இருக்கவில்லை.

மகளிர் நலனுக்கு ஓர் ஆணை ஏன் போட்டார்கள் என்று கேட்கலாம். மோட்டார் சைக்கிள் அவனிடம்தான் இருந்தது. மகளிர் நலன் தூரம் தூரமாகக் கிடந்தது, நடந்து போய்ப் பார்க்க முடியாது என்று சங்கம் கருதியது. அதே காரணத்தால் அறையின் திறப்பும், அதாவது பூட்டுச் சாவியும், அவனிடம் கொடுக்கப்பட்டது.

ஹிதாயா சங்கத்தை நம்பினவள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவள் சின்னப் பிள்ளை. முகாமில்தான் வளர்ந்தாள், முகாமில்தான் கலியாணம் முடித்தாள். புருசன் கடலில் மூழ்கிப் போன பிறகு உப்பளத்துக்கு வந்தாள். யுத்தம் முடிந்து ஊருக்குப் போகலாம் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தாள், வீட்டு வளவு காடாகிக் கிடந்தது, திரும்பி வந்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க ஆட்கள் அவளை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். முதன்முதலாக "இரிங்க சகோதரி" என்று சொன்னது சங்கம். இருந்தது ரோட்டில் என்றாலும் அவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரிந்தது.

அறைக்கு மற்றப் பெண்கள் தனியாகப் போவதில்லை. ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள். அது பெண்களின் வழமை என்று ஹிதாயா நினைத்திருந்தாள். ஒரு நாள் பாத்தியில் வேலை இழுபட்டு அவள் மட்டும் பிந்திப் போனாள். உள்ளே நிற்கும்போது வெளியிலிருந்து திறப்பு திரும்பியது. நடந்ததை விவரிக்க இந்தக் கதைக்கு விருப்பமில்லை. கையில் இருந்த ஈரச் சாரத் துணியால் அவன் முகத்தில் அடித்துவிட்டு, ஒரு செருப்போடு அவள் ரோட்டுக்கு ஓடி வந்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில், கூட வேலை செய்கிற மூத்தவள் மர்ஷூதா இருந்தாள். கண்ட உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. அதுதான் ஹிதாயாவுக்கு அடுத்த அதிர்ச்சி.

"உங்களுக்குத் தெரியுமா ராத்தா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

மர்ஷூதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சங்கம் சங்கமெண்டு திரியுறவள். சொன்னா நம்பியிருப்பியா? இப்பயாவது போய்ச் சங்கத்தில சொல்லு. கொம்பனியையே மடக்கின சங்கம், இவன மடக்கமாட்டாங்களா? நானும் வாறன்."

மர்ஷூதாவின் மகள் அமானியும் உப்பளத்தில்தான் வேலை செய்தாள். ஹிதாயாவின் மகள் நுஸ்ரா அடுத்த மாதம் சேர இருந்தாள். ஹிதாயாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் வருவதற்கு முன்பு அந்தத் திறப்பு அவன் கையை விட்டுப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் செயற்குழு கூடியது. ஹிதாயாவை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். எதிரில் நளீரும் இருந்தான். அவன் இல்லாவிட்டால் கூட்டம் நடத்த ஆள் போதாது.

"பயமில்லாமச் சொல்லுங்க சகோதரி. இது உங்கட சங்கம்" என்று தலைவர் லத்தீப் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஆழ்ந்து கேட்கிற முறை அது.

ஹிதாயா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "நளீர் நானா எண்ட மேல கை வெச்சிட்டாரு."

செயலாளர் சரீப் பேனையைக் கீழே வைத்தார். அவர் தமிழில் பற்றுள்ளவர். கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை கண்டால் உள்ளே போய்த் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார்.

"முதலாவது விசயம் சகோதரி. நானா எண்டு ஒருத்தரும் இந்தச் சங்கத்தில இல்ல. நானா, தம்பி, மச்சான் எண்டு உறவு கொண்டாடினா வர்க்க உணர்வு மங்கிப் போயிரும். தோழர் எண்டு சொல்லோணும்."

"தோழர் நளீர் எண்ட மேல கை வெச்சிட்டாரு."

"நல்லம். இரண்டாவது. கூட்டக் குறிப்பு கொழும்புத் தலைமையகத்துக்குப் போகும். வெளிநாட்டுத் தோழர்களும் வாசிப்பாங்க. கை வைத்தல் எண்டது சந்தைப் பேச்சு. எங்கட பெண்கள்ர மானத்துக்கு அது பொருந்தாது. கையோட சம்பந்தப்பட்ட நல்ல சொற்கள் தமிழில எவ்வளவோ இரிக்குது." அவர் முகட்டைப் பார்த்து யோசித்தார். முகம் மலர்ந்தது. "கைகொடுத்தார்!"

"அது வேற..."

"பொறுங்க. மூன்றாவது. 'என் மேல் கைகொடுத்தார்' எண்டா வசனம் பிழை. 'எனக்கு' எண்டு வரோணும்." அவர் எழுதினார், எழுதியதை உரக்க வாசித்தார். "தோழர் நளீர் எனக்குக் கைகொடுத்தார்."

பொருளாளர் அழகாக இருக்கிறது என்றார். ஹிதாயா கதிரையை விட்டு எழும்பினாள்.

"நான் சொன்னது அது இல்ல செயலாளர்."

"கருத்து அதேதான் சகோதரி. சொல் மட்டும்தான் பண்பட்டிருக்குது."

இந்த இடத்தில் தலைவர் கண் விழித்தார். அவர் காதில் விழுந்தது கடைசி வசனம் மட்டும்தான். ஒரு தோழர் இன்னொருவருக்குக் கைகொடுத்தால் நன்றித் தீர்மானம் நிறைவேற்றுவது சங்கத்தின் மரபு. தலைவர் மரபு தவறாதவர். தீர்மானம் அங்கேயே முன்மொழியப்பட்டு நிறைவேறியது. தன்னடக்கம் காரணமாக நளீர் மட்டும் கையை உயர்த்தவில்லை.

"எனக்கு நன்றியும் வேணாம் ஒண்டும் வேணாம்" என்றாள் ஹிதாயா. "அந்தத் திறப்ப அவர்ட்டயிருந்து வாங்கி எங்கட பொம்பளைகள்ல ஒராள்ட்டக் குடுங்க. அது போதும்."

திறப்பு பற்றிய விசயம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று செயலாளர் வருத்தத்துடன் தெரிவித்தார். வெளியே மாமரத்தடியில் காத்துக்கொண்டு நின்ற மர்ஷூதா, என்ன நடந்தது என்று கேட்டாள். நளீருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்றாள் ஹிதாயா. சொல்லும்போதே தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேலைத்தலத்தில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் குழு ஒன்றை எல்லாக் கிளைகளும் உடனே அமைக்க வேண்டும். மற்றக் கிளைகள் பதாகை அடித்துவிட்டு, துணைநிற்பதற்குப் பாதிக்கப்பட்ட ஆள் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தன. இந்தக் கிளையில் ஆள் தயாராக இருந்தது. தலைவருக்குத் தாங்க முடியாத பெருமை. சிலாபத்துக் கிளையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்களிட்ட ஒராள் இரிக்கிறா, உங்களிட்ட?" என்று கேட்டாராம்.

குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் குழப்பமே வரவில்லை. பெண்கள் சம்பந்தப்பட்ட எந்தக் குழுவுக்கும் மகளிர் நலன் அமைப்பாளரே தலைவர் என்று சங்கத்தின் சட்டவிதியான யாப்பில் இருந்தது. நளீர் கொழும்புக்குப் போய் ஒரு பயிற்சி வகுப்பிலும் கலந்துகொண்டு, அச்சடித்த சான்றிதழோடு திரும்பி வந்தான்.

வந்த கையோடு குழு ஹிதாயாவின் வீட்டுக்குப் புறப்பட்டது. விசுக்கோத்துப் பெட்டி ஒன்று, ஒரு சீப்பு வாழைப்பழம், படம் பிடிக்க ஓர் ஆள். கதவைத் திறந்தவள் நுஸ்ரா. நளீர் அவள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, மிகவும் மெதுவான குரலில் பேசினான். வகுப்பில் அப்படித்தான் பேசச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சகோதரி, உங்கட வேதனை எங்கட வேதனை. மனசு விட்டுக் கதைங்க. உங்களுக்கு அநியாயம் செஞ்சது ஆர்?"

ஹிதாயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவளுக்கு முதலில் வந்தது. ஒரு மனிதனால் இப்படியும் முகத்தை வைத்துக்கொள்ள முடியுமா?

"ஆரெண்டு என்னட்ட ரகசியமாச் சொல்லலாம்" என்று அவன் வற்புறுத்தினான். "குழுவை விட்டு வெளிய போகாது."

"நீங்கதான்."

நளீர் உடன் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். "பாத்தீங்களா? அதிர்ச்சி. கிட்ட வாற ஆள், உதவி செய்யிற ஆள், எல்லாரிலயும் சந்தேகம் வரும். இத எங்களுக்கு வகுப்பில படிப்பிச்சவங்க. இவங்களுக்கு இன்னும் கூடத் துணை தேவைப்படுது." விசுக்கோத்துப் பெட்டியைக் கொடுக்கிற மாதிரி ஒரு படம், வாங்குகிற மாதிரி ஒரு படம் எடுத்தார்கள். ஹிதாயா வாங்கவில்லை என்பதால் இரண்டாவது படத்தில் பெட்டி மேசை மேல் இருந்தது.

போகும்போது நளீர் நுஸ்ராவைப் பார்த்துச் சிரித்தான். "மகளும் வேலைக்கி வாறாவாம். வரட்டும், வரட்டும். நாங்க இரிக்கோம்தானே."

ஹிதாயா விசுக்கோத்துப் பெட்டியைத் தூக்கி வளவில் எறிந்தாள். அன்று கோழிகள்தான் வயிறாரத் தின்றன.

பிறகு மாநாடு வந்தது. ஆலங்குடாக் கடற்கரையில் நடத்த வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் பதாகையைக் காணட்டும் என்பது நோக்கம். காற்று பதாகையைப் பிடித்த பிடியில் நான்கு தோழர்கள் அதைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைக்காரன் இதுவும் ஒரு வகைப் பட்டம் என்று நினைத்து உதவிக்கு வந்தான்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தோழர்களே! கொம்பனிக்காரன் எங்கட சகோதரி ஒருத்திட மேல விரல் வெச்சானெண்டா, அந்த விரல உப்புப் பாத்தியில நடுவோம்!" கைதட்டல். "ஆனா சங்கத்துக்குள்ள நடக்கிறது வேற. அது குடும்பக் கதை. குடும்பக் கதையை ரோட்டில கதைக்கிறவன் ஆரு? கொம்பனியின்ர கைக்கூலி!" இன்னும் பெரிய கைதட்டல். "இந்தக் கிளை தொடங்கின நாள் தொட்டு ஒரு முறைப்பாடுகூட நிரூபிக்கப்படல. ஏனெண்டா ஒண்டக்கூட நாங்க விசாரிக்கல. தோழர்மாரில எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!"

அடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் கைகொடுத்த தோழர் நளீருக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்வு என்று செயலாளர் அறிவித்தார். போர்த்துவதற்குப் பாதிக்கப்பட்ட சகோதரியையே மேடைக்கு அழைத்தார். முன்வரிசையில் இருந்த ஹிதாயாவை இரண்டு பேர் எழுப்பிவிட்டார்கள். கையில் பொன்னாடையைத் திணித்தார்கள். நளீர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஹிதாயா பொன்னாடையைத் தரையில் போட்டாள். ஒலிவாங்கிக்கு நேராக வாயைக் கொண்டுபோனாள்.

"இவர் எனக்குக் கை தரல. எண்ட மேல கை வெச்சவர். எங்கட ரூம்புத் திறப்ப இவர்ட்டயிருந்து வாங்கித் தாங்க."

கடற்கரை முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்து அடங்கியது. அங்கேயிருந்து ஒரே ஒருத்தி எழும்பி நின்றிருந்தால்கூட அன்றைக்கு ஏதாவது நடந்திருக்கும் என்று ஹிதாயா பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். செயலாளர் ஒலிவாங்கியைக் கனிவோடு வாங்கினார். "உணர்ச்சி மேலீட்டால் சகோதரிக்குச் சொற்கள் தடுமாறுகின்றன. அவர் சொல்ல வந்தது நன்றி" என்றார். திறப்பைப் பொறுத்தவரை அது போராட்டத்தின் சின்னம், சின்னங்களைக் கைமாற்ற யாப்பில் வழியில்லை என்றும் விளக்கினார். பொன்னாடையை மணல் தட்டித் தலைவரே போர்த்திவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஹிதாயா அறைக்கு முன்னால் போய் நின்றாள். கதவின் பிணைச்சல்களை உப்புக் காற்று தின்று வைத்திருந்தது. உப்பு வாருகிற பலகையின் பிடியைக் கீழே கொடுத்து நெம்பினாள். பக்கத்தில் மர்ஷூதா வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். பிறகு வேறு பெண்களும் வந்தார்கள். கதவு கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிக் கொண்டுபோய் உப்புக் குவியலுக்குப் பின்னால் சாத்தினார்கள். வாசலில் கயிறு கட்டிப் பழைய படங்குத் துணியைத் தொங்கவிட்டார்கள். ஒருத்தி உள்ளே உடுப்பு மாற்ற, இன்னொருத்தி வாசலில் நின்றாள்.

ஒரு கிழமை, ஏழு நாளும், அப்படி நடந்தது. ஹிதாயாவின் வாழ்க்கையில் நல்ல கிழமை அது. பெண்கள் உள்ளேயிருந்து பாட்டுப் பாடினார்கள். அமானி படங்கைத் திறந்து "ஆரது, தோழரா?" என்று ஆம்பிளைக் குரலில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நளீர் மோட்டார் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான். திறப்பு அவன் இடுப்பிலேயே தொங்கியது. பூட்டத்தான் ஒன்றும் இல்லை.

ஹிதாயாவின் முறைப்பாட்டுக்கு நேரம் ஒதுக்க முடியாமல் திணறிய சங்கம், கதவு விசயத்தில் அசந்து இருக்கவில்லை. அவசரப் பொதுக்கூட்டம் அறிவிக்கப்பட்டது. உறுப்பினர் எல்லோரும் வர வேண்டும், வராதவர்களின் சங்க அட்டை ரத்தாகும். அட்டை இல்லாவிட்டால் அந்த உப்பளத்தில் வேலை இல்லை. அதுவும் சங்கம் போராடி வென்ற உரிமைதான். கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் நளீரின் மோட்டார் சைக்கிள் வீடு வீடாக நின்று நின்று போனது. பெட்டி பெட்டியாக விசுக்கோத்துப் போனது.

அலுவலகம் நிரம்பி வழிந்தது. செயலாளர் எழும்பிக் குற்றப்பத்திரத்தை வாசித்தார்.

"சகோதரி ஹிதாயா சங்கத்தின் கதவில் கை வைத்தார்."

ஹிதாயாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "செயலாளர், இப்ப அந்தச் சொல்லு வருதே?"

சரீப் சிறிதும் தடுமாறவில்லை. "சொத்து விசயத்தில சொல் துல்லியமா இருக்கோணும் சகோதரி. நாளைக்கி நீதிமன்றம் போனாலும் நிக்கோணும்."

கதவைக் கழற்றியது ஒருவரா, பலரா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ஒருவர்தான் என்று சங்கம் கருதுவதாகத் தலைவர் சொன்னார். பலர் என்று தெரிய வந்தால் சங்கத்துக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கும், பல அட்டைகளை ரத்துச் செய்ய வேண்டி வரும். ஆகவே சகோதரி ஹிதாயாவை நீக்கும் தீர்மானத்துக்குக் கையுயர்த்துகிறவர்கள் எல்லோரும் கதவைக் கழற்றிய இடத்தில் இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். புதிதாக இரும்புக் கதவு ஒன்று செய்யச் சொல்லியாகிவிட்டது. திறப்பு வழமைபோல மகளிர் நலன் அமைப்பாளரிடம் இருக்கும்.

வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அவர் குரலில் உண்மையான நிறைவு இருந்தது.

"தோழர்களே, சகோதரி அந்த அறை தொடர்பா ஒரு முறைப்பாடு தந்திருந்தா. அதை நாங்க மறக்கல. இந்தத் தீர்மானம் நிறைவேறினா, அவ இனி ஒரு நாளும் அந்த அறைக்குள்ள போக வேண்டி வராது. ஆகவே அவட முறைப்பாடு இத்தோட முழுமையாத் தீர்த்து வைக்கப்படுது. இந்தக் கிளை தீர்த்து வெச்ச முதலாவது முறைப்பாடு இதுதான்."

கைதட்டினார்கள். கைகளை உயர்த்தச் சொன்னார் தலைவர். ஆண்களின் கைகள் முதலில் எழும்பின. பிறகு பெண்கள் பக்கம் ஒன்று, இன்னொன்று. படங்கைத் தொங்கவிட்ட கை, கயிறு கட்டிய கை, வாசலில் காவல் நின்றவளின் கை. ஹிதாயா மர்ஷூதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பனிக்காரன் செய்தது, நளீர் செய்தது, சங்கம் செய்தது, எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு கை மட்டும் எழும்பக் கூடாது என்று அவள் மனம் கெஞ்சியது. மர்ஷூதா மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கையை உயர்த்தினாள். தாயைப் பார்த்து அமானியும் உயர்த்தினாள்.

பொருளாளர் எழும்பி வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கினார்.

ஹிதாயா கத்தவில்லை. எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பெண்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மர்ஷூதா ராத்தா, எண்ட மகள் இனி அங்க வரமாட்டா. அமானி நாளைக்கி எங்க உடுப்பு மாத்துவா?"

மர்ஷூதாவின் உதடு துடித்தது, கண்ணீர் கன்னத்தால் வழிந்து முந்தானையில் விழுந்தது. துடைக்கக் கையை இறக்கப் போனாள்.

"எண்ணி முடியும்வரைக்கும் கையை இறக்க வேணாம்" என்றார் செயலாளர்.

மர்ஷூதா கையைத் திரும்ப உயர்த்திக்கொண்டாள்.